சென்னை–விழுப்புரம்: அதிவேகப் பாதையா, கூடுதல் தண்டவாளமா, மின்சார பஸ்ஸா?

2025–26 தமிழக பட்ஜெட்டில் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடும் மண்டல ரயிலுக்கு மூன்று தடங்களில் சாத்தியக்கூறு ஆய்வு அறிவித்தார்கள். அவற்றில் ஒன்று சென்னை–செங்கல்பட்டு–திண்டிவனம்–விழுப்புரம், 167 கி.மீ. இரட்டைப் பாதையும் மின்கம்பியும் ஏற்கெனவே உள்ள தடம் இது. புகையைக் குறைப்பதுதான் குறி என்றால் காசை எதில் போடுவது?

இதே வகை மண்டல ரயிலான டெல்லி–மீரட் அதிவேகப் பாதையை அளவுகோலாக எடுப்போம். 82 கி.மீ., 30,274 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 370 கோடிக்குச் சற்றுக் கீழே. அதே விலையில் விழுப்புரம் வரை போட்டால் 61,000 கோடியைத் தாண்டும். மறுபக்கம், தாம்பரம்–செங்கல்பட்டு நாலாவது லைனுக்கு ஒப்புதல் ஆன தொகை 30 கி.மீ.க்குச் சுமார் 757 கோடி. கிலோமீட்டருக்கு 25 கோடி. செங்கல்பட்டுக்குத் தெற்கே 103 கி.மீ.க்கு மூன்றாவது லைனும் இதே விலையில் அமைந்தால் 2,600 கோடி. நிலம், பாலம், சிக்னல் என்று அது இரண்டு மடங்கானாலும் ஒப்பீடு மாறாது.

அப்படியானால் இருக்கும் இரண்டு லைனிலேயே கூடுதல் மெமு, அதாவது குறுந்தூர மின்சாரப் பயணிகள் ரயில், விட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். செங்கல்பட்டிலிருந்து எல்லா நிலையத்திலும் நின்று போகும் மெமு விழுப்புரம் சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு ஒன்றேகால் மணி போதும். இடைவெளி 45 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விடக்கூடிய பாதையில், அந்த ஒரு மெமு நான்கு எக்ஸ்பிரஸ்களின் இடத்தைத் தின்றுவிடுகிறது. தென் மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வழிதான். ஆகவே வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் கண்ட்ரோலர், மெமுவை மதுராந்தகத்திலோ மேல்மருவத்தூரிலோ லூப் லைனில், அதாவது நிலையத்தின் பக்கத் தண்டவாளத்தில், ஒதுக்குவார். பயணிக்குத் தெரிவது, "சும்மா நிக்குது". தினமும் இருபது நிமிடம் இப்படிப் போனால் மறு மாதமே பைக்கை எடுத்துவிடுவார்.

மூன்றாவது லைன் தீர்ப்பது இதைத்தான், வேகத்தை அல்ல. கூடவே தானியங்கி சிக்னலும் வேண்டும்: இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் என்ற முழு பிளாக் முறை உள்ள பகுதியில், எத்தனை தண்டவாளம் போட்டாலும் இடைவெளி ஒரு அளவுக்கு மேல் சுருங்காது. நடைமேடை உயரமும் கண்ணில் படாத விஷயம். நம் உயர நடைமேடைகள் 760 முதல் 840 மி.மீ.; மெமுவின் தரை அதற்கு ஒரு அடிக்கும் மேலே. மூட்டையோடு ஒருவர் ஏறி இறங்க ஆகும் நேரம், பதினைந்து நிறுத்தங்களில் சேர்ந்துகொண்டே போகும்.

அதிவேகப் பாதை இங்கே வெல்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தனித் தடம், வண்டியின் தரைக்குச் சமமான நடைமேடை, தடுப்புக் கதவு, ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. எழும்பூர்–விழுப்புரத்தைப் பல எக்ஸ்பிரஸ்கள் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டித் தொட்டுவிடுகின்றன; மீரட் போல சராசரி 100 கி.மீ. கிடைத்தால் 167 கி.மீ.க்கு ஒன்றே முக்கால் மணிக்குள். மிச்சமாவது அரை மணி நேரத்துக்குள்தான். லாபம் வேகத்தில் அல்ல, அடுக்கடுக்காக வண்டி வருவதில்.

இனி புகைக் கணக்கு. மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 0.72 கிலோ கரியமில வாயு என்ற தேசியச் சராசரியை எடுத்துப் போட்ட கைக்கணக்கு, ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு:

தனி ஆள் கார் (லிட்டருக்கு 15 கி.மீ.): 154 கிராம்
தனி ஆள் பைக் (50 கி.மீ.): 46
ஏசி மின்சார பஸ் (கி.மீ.க்கு 1.2 யூனிட், 45 பேர்): 19
ஏசி இல்லாத டீசல் பஸ் (4.5 கி.மீ., 45 பேர்): 13
மெமு (கி.மீ.க்கு 10 யூனிட் என்று வைத்து, 1,000 பேர்): 7
அதே மெமு, 200 பேர்: 36

ஏசி மின்சார பஸ், நிரம்பிய சாதாரண டீசல் பஸ்ஸைவிட அதிகமா என்று புருவம் உயரலாம். நிலக்கரி மின்சாரத்தின் கைங்கரியம் அது. ஊருக்குள் புகை, சத்தம் குறையும். அது வேறு நன்மை, சிறிய நன்மையும் அல்ல. காலநிலைக் கணக்கில் மட்டும் இன்று பெரிய மிச்சம் இல்லை; மின்சாரம் சுத்தமாக ஆக ஆகத்தான் கூடும்.

பஸ் பயணியை ரயிலுக்கு மாற்றினால் மிச்சம் 6 கிராம். அந்த பஸ் பாதி காலியாக ஓடிக்கொண்டே இருந்தால் அதுவும் இல்லை. தனியாகக் கார் ஓட்டுபவரை மாற்றினால் 147. ஒரு காரோட்டி, இருபத்து நான்கு பஸ் பயணிகளுக்குச் சமம். அதிவேக ரயிலின் ஏசியும் உட்கார இடமும் காரோட்டியை இழுக்கும் என்பது அதன் தரப்பில் வலுவான வாதம். ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 110-க்கும் 160-க்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல். பிரேக் போடும்போது மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்புவது புதிய மெமுவிலும் உண்டு, அதனால் அந்தச் சாதகமும் தனி உரிமை அல்ல. கட்டுமானத்தையும் கூட்டுங்கள். மேம்பாலக் கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்றால், அதிலேயே 300 கிலோ அளவுக்குக் கரியமில வாயு, கம்பி தனி. ஓட ஆரம்பிக்கும் முன்பே ஏறும் கடன் இது. வண்டி பாதி காலியாக ஓடினால் அடைய ஆண்டுகள் பிடிக்கும். மண் கரையில் ஜல்லி கொட்டிப் போடும் லைனுக்கு இந்தச் சுமை மிகக் குறைவு.

எங்கள் வரிசை இது: முதலில் விழுப்புரம் வரை கூடுதல் லைனும் சிக்னலும், அதில் அரை மணிக்கு ஒரு ஏசி மெமு. மின்சார பஸ்ஸை, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ரயிலுக்குப் போட்டியாக விடாமல், மதுராந்தகம், திண்டிவனம் நிலையங்களுக்கு ஆள் கொண்டுவந்து சேர்க்க விட வேண்டும். அதிவேகப் பாதை, செங்கல்பட்டுக்கு வடக்கே நாலு லைனும் நிரம்பிய பிறகு.

இணைப்பு பிசகினால் எதுவும் எடுபடாது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தபோது, பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் அங்கே ரயில் நிறுத்தம் இல்லை. இறங்கியவர் ஆட்டோ பிடித்தார், அல்லது வீட்டிலிருந்து பைக்கை வரச் சொன்னார். விழுப்புரம் தடத்தின் திட்ட அறிக்கை வரும்போது வேகத்தையும் பெட்டி எண்ணிக்கையையும் தாண்டி, இரண்டு பக்கங்களைத் தேடிப் படியுங்கள்: வரப்போகும் பயணிகளில் எத்தனை சதவீதம் இப்போது கார், பைக்கில் போகிறவர்கள்; ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பைக் நிறுத்த இடம்.