பையா, மண் தொட்டியா, பெயின்ட் வாளியா?

போன தை மாதம் ஒரே நாற்றுத் தட்டிலிருந்து ஒன்பது மிளகாய் நாற்றைப் பிடுங்கினேன். மூன்று மண் தொட்டிக்கு, மூன்று குரோ பேக் என்கிற செடி வளர்க்கும் பைக்கு, மூன்று பழைய பெயின்ட் வாளிக்கு. கலவை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: செம்மண், கழுவிய தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, மேலே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மாடித்தோட்டக்காரர்கள் நாலு பேர் கூடினால் விதை கைமாறும், அப்புறம் எதில் வைப்பது என்று வாக்குவாதம் வரும். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே, நாமே பார்த்துவிடலாம் என்றுதான் இறங்கினேன். இடம் அம்பத்தூரில் ஒரு மொட்டை மாடி. குழாய் ஒரு மூலையில், வெயில் எல்லா மூலையிலும்.

பங்குனி வரை மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பூவும் காயும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன. கத்திரி தொடங்கியதும்தான் பிரிய ஆரம்பித்தது. காலை ஆறரைக்கு மூன்றுக்கும் இரண்டிரண்டு செம்பு தண்ணீர் ஊற்றுவேன். மதியம் மூன்று மணிக்குப் போய் விரலை விட்டுப் பார்த்தால் மண் தொட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மண் பொடிப்பொடியாக இருக்கும், இலை துவண்டு தொங்கும். பையில் மேலே காய்ந்து உள்ளே லேசாக ஈரம். வாளியில் விரல் நுனியில் மண் ஒட்டிக்கொண்டு வரும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுட்ட மண்ணில் நுண்துளை உண்டு. பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். வேருக்குக் குளிர்ச்சி, காற்றோட்டம் இரண்டும் கிடைக்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சிக்கான தண்ணீரைக் குழாயிலிருந்து தூக்கி வருவது நாம்தான். கத்திரி முழுக்க மண் தொட்டிக்கு மட்டும் மாலையில் இன்னொரு முறை ஊற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அதற்காக மண் தொட்டியைத் தள்ளிவிட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதையே தலைகீழ். முந்தின வருடம் வாளிகளுக்கு அடியில் மட்டும் நாலு ஓட்டை போட்டு, அப்படியே தரையில் உட்கார்த்தி வைத்திருந்தேன். அடை மழை. மூன்றாம் நாள் ஐந்து மிளகாய்ச் செடி நின்ற நிலையில் வாடிவிட்டன. தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடுகிறதே என்று பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, சாக்கடை நாற்றம். வாளியின் அடி தரையோடு படிந்து ஓட்டைகள் அடைபட்டிருந்தன. தப்பு என்னுடையது, வாளியுடையது அல்ல. இப்போது அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் பக்கவாட்டிலும் சுற்றி ஐந்தாறு ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் வைக்கிறேன். அதே மழையில் மண் தொட்டிச் செடிகள் ஒன்றும் ஆகாமல் நின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, பை. கடையில் 'குரோ பேக்' என்று கேட்டால் இரண்டு சாமான் காட்டுவார்கள். ஒன்று வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பாக இருக்கும் பாலித்தீன் பை. இன்னொன்று எச்டிபிஇ என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் நெய்த பை, கைப்பிடி வைத்துத் தைத்தது. வெள்ளைப் பை விலை குறைவு, என்னிடம் இரண்டாவது கோடையில் ஓரம் கிழிந்தது. நெய்த பையில் ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. 200-க்கு மேல் இருப்பதை எடுங்கள். இருக்கிற அரிசி மூட்டையிலேயே வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வைத்தேன். வெயிலைத் தாங்க எதுவும் சேர்க்காத சாக்கு அது. ஆறே மாதத்தில், நகர்த்தலாம் என்று காதைப் பிடித்துத் தூக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. அந்த நூல் துணுக்குகளை இன்றைக்கும் மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

பையின் பெரிய பலம் அளவு. கீரைக்கு அகலமாக, ஆழம் குறைவாக. கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு 12-க்கு 12 அங்குலம். பாகல், பீர்க்கு, புடல் மாதிரி கொடிக்கு 15-க்கு 15. காலியானால் மடித்து அலமாரியில் போட்டுவிடலாம். பலவீனம், உருவம் நிற்காது. செடியோடு ஒரு பையை நகர்த்திப் பாருங்கள், மண் குலுங்கி வேர் அறுந்து, அடுத்த நாள் செடி முகத்தைத் தொங்கப் போட்டிருக்கும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 12-க்கு 12 பை கிட்டத்தட்ட 22 லிட்டர் கொள்ளும். வெறும் தோட்ட மண்ணை நிரப்பி நனைத்தால் 35 கிலோவைத் தாண்டும். ஒரு சதுர மீட்டரில் நெருக்கி ஒன்பது பை வைக்கலாம், கூட்டிப் பார்த்தால் 300 கிலோவுக்கு மேல். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் எடுக்கச் சொல்வது சதுர மீட்டருக்கு 150 கிலோ. நார்த்தூள் கலந்தால் ஒரு பை 20 கிலோ அளவில் நிற்கும், அப்போதும் நெருக்கி அடுக்கக் கூடாது. இடைவெளி விட்டு, கீழே சுவரோ உத்திரமோ ஓடும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். மண் தொட்டி இங்கே தோற்கிறது, காலித் தொட்டியே ஆறேழு கிலோ இருக்கும். நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசாமல் போட்டுவிடாதீர்கள்.

வாளிக்கு வருகிறேன். என் ஓட்டு இதற்குத்தான். பார்க்க நன்றாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் கம்பெனிப் பெயர் தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் 20 லிட்டர், கெட்டியான சுவர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பிப் பிடி. ஆலங்கட்டி மழையோ, வீடு மாற்றமோ, தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வருவதோ, செடியை அலுங்காமல் தூக்கி ஓரமாக வைக்கலாம். தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெயின்ட் வாளியாகப் பார்த்து வாங்குங்கள். காயவிட்டுத் தட்டினால் உள்ளே ஒட்டிய பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வரும். எனாமல், டிஸ்டெம்பர் என்று எதுவென்று தெரியாத வாளியிலும், என்ன மருந்து இருந்தது என்று தெரியாத நீல டிரம்மிலும் காய்கறி வைக்காதீர்கள். வெள்ளை வாளியே நல்லது. அடர் நிற வாளி ஒன்றில் மேற்குப் பார்த்த பக்கம் மட்டும் வேர் கருகியிருந்தது, இப்போது அதைச் சுற்றிப் பழைய வேட்டியைக் கட்டியிருக்கிறேன்.

மண் தொட்டியில் இனி மிளகாய் இல்லை. துளசி, மல்லிகை, கற்பூரவல்லி, கறிவேப்பிலை மாதிரி வருடக்கணக்கில் இருப்பவை மட்டும் அதில். புதுத் தொட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு மண் நிரப்பினால் முதல் வாரம் செடி தாகத்தில் தவிக்காது. வெளிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போர் தண்ணீர் ஊற்றினால் வரும், தேய்த்துக் கழுவினால் போகும். பையில் கீரையும் கொடியும்.

ஆடிப்பட்டத்துக்கு இன்னும் எட்டு வாளி தேவைப்படும். எதிர்வீட்டில் பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டியிருக்கிறார்கள். மேஸ்திரியிடம் சொல்லி வைத்தாயிற்று.