செங்கல் சுவருக்குள் நுரை அடிக்கிறோம் என்று யாராவது வந்தால்

சேலத்தில் மேற்குப் பக்கச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடு சூரமங்கலம் பக்கம். மொட்டைமாடியில் நின்றால் ஏற்காடு மலை தெரியும், அதன் குளிர் மட்டும் கீழே இறங்கி வராது. மேற்கு அறையில் படுப்பது என் மாமியார். பகலில்கூடச் சமாளித்துவிடலாம். ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால் அப்போதுதான் இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சாயங்கால வெயிலை வாங்கி வைத்து, ஊர் அடங்கிய பிறகுதான் உள்ளே விடும்.

மார்ச் கடைசியில் ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தேன். சுவர்ச் சூடு உள்ளே வராமல் தடுக்கிறோம், சுவரை உடைக்க வேண்டாம், உள்ளே பெயிண்ட் கெடாது, வெளியிலிருந்து சின்ன ஓட்டை போட்டு நுரையை நிரப்புவோம், ஒரே நாளில் வேலை முடியும் என்று போட்டிருந்தார்கள். கூடவே வெள்ளைக்காரன் வீட்டில் வேலை நடக்கிற ஒரு வீடியோ. கூப்பிட்டதும் மறுநாளே ஒரு பையன் வந்தான். நல்ல பேச்சு. "அக்கா, ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்டுக்கே நாங்கதான் பண்ணினோம்" என்றான். எந்த ரிசார்ட் என்று கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஆறு மணி. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி. சுவரைச் சுட்டான், 43 காட்டியது. பளபளவென்று ஒரு ஷீட்டைச் சுவரில் ஒட்டி அதைச் சுட்டான், 30. எனக்கு அங்கேயே மனம் விழுந்துவிட்டது. மாமியார் மட்டும் கட்டிலில் உட்கார்ந்தபடியே, "ஏன் கண்ணு, செங்கல்லுக்கு நடுவுல எங்க சந்து இருக்குது, இவங்க நுரையை ஊத்த?" என்று கேட்டார். பையன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் புது டெக்னாலஜிங்க பாட்டி" என்றான். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

200 சதுர அடிச் சுவர், சதுர அடிக்கு 140 ரூபாய், மொத்தம் 28,000. முன்பணம் 15,000 ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு வேலை முடிந்ததும் தருவதாகச் சொன்னான்.

வேலை நாளன்று இரண்டு பேர் வந்து வெளிச்சுவரில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓட்டை போட்டார்கள். பிறகு எண்ணிப் பார்த்தேன், 74 ஓட்டைகள். இரண்டு இடத்தில் துளைக்கருவி அறைக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு ஓட்டையிலும் டின்னிலிருந்து நுரையை அடித்தார்கள். அடித்த வேகத்தில் அது திரும்பி வெளியே பிதுங்கி வந்தது. அதைச் சீவிவிட்டு மேலே பட்டி பூசினார்கள். நான்கு மணிக்கு மேல் ஆள் இல்லை.

அன்று ராத்திரி மாமியார் அறையில் லைட் எரியவில்லை. எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைக் கழற்றினால் உள்ளே பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டு மஞ்சள் நுரை. ஓட்டை ஒன்று வயர் போகும் பைப்பைப் பொத்துவிட்டிருந்தது. அந்தச் சுவர் முழுக்க நுரைக்கு நிஜமாகவே கிடைத்த ஒரே வெற்றிடம் அந்தப் பைப்தான்! நுரை இறுகி வயரைக் கவ்விக்கொண்டதால் பழைய வயரை இழுக்க முடியவில்லை. வெளியே கேசிங் பட்டை ஓட்டிப் புது வயர் போட வேண்டியதாயிற்று.

பையனைக் கூப்பிட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தான். சுவரைச் சுட்டான், 31. "பாருங்கக்கா, பன்னிரண்டு டிகிரி குறைஞ்சிருக்கு" என்றான். காலை எட்டு மணிக்கு மேற்குச் சுவரில் வெயிலே படாது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. மீதி 13,000-ஐயும் கொடுத்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கப்படவே இல்லை.

பத்து நாள் கழித்துத்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. டிப்ளமா படிக்கிற என் மகன் கடையில் அதே மாதிரி வெப்பமானி ஒன்றை வாங்கி வந்தான். எவர்சில்வர் சொம்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, சொம்பின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினான். டேப்பைச் சுட்டால் 88, பக்கத்திலேயே பளபளப்பான சொம்பைச் சுட்டால் 41. பளபளப்பான பொருள் தன் சூட்டைக் குறைவாகத்தான் வெளியே விடும், எதிரில் இருப்பதன் சூட்டைக் கண்ணாடி மாதிரி காட்டும். அந்தப் பையன் காட்டிய 30 என்பது ஷீட்டின் சூடே இல்லை. போதாததற்கு, சுவருக்குள் அடித்தது அந்த ஷீட்டும் இல்லை.

வீடியோவில் இருந்தது பொய் இல்லை, ஊர்தான் வேறு. இங்கிலாந்தில் பல வீடுகளுக்கு இரட்டைச் சுவர், நடுவில் இரண்டு அங்குலம் போல இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். அமெரிக்காவில் மரச்சட்டம் நிறுத்தி இரண்டு பக்கமும் பலகை அடிப்பார்கள், நடுவில் மூன்றரை அங்குலம் காலி. அங்கே ஓட்டை போட்டு நுரையையோ, அரைத்த பழைய பேப்பரையோ ஊதினால் அது போய் நிரம்ப இடம் இருக்கிறது. நம் ஒன்பது அங்குலச் சுவர் செங்கல்லும் கலவையுமாக ஒரே கட்டி. ஹாலோ பிளாக் சுவரில் வெற்றிடம் உண்டுதான், ஆனால் கல்லுக்குக் கல் கலவை அடைத்துக்கொண்டிருந்தால் நுரை அந்தந்தக் கல்லோடு நின்றுவிடும்.

கொல்லையில் அவர்கள் விட்டுப் போன காலி டின்கள் ஏழு. 750 மில்லி டின், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தை அடைக்க ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற அதேதான். ஒரு டின் நாற்பது லிட்டராக உப்பும் என்றே வைத்துக்கொள்வோம். என் சுவருக்குள் நிஜமாகவே இரண்டு அங்குல இடைவெளி இருந்திருந்தால் 940 லிட்டர் போல நுரை வேண்டும், இருபது டின்னுக்கு மேல். இந்தக் கணக்கை முன்பணம் கொடுக்கும் முன் போட்டிருக்க வேண்டும்.

மே மாதம் கோடைமழை சாய்ந்து அடித்தது. வெறும் பட்டி மழைக்குத் தாங்குமா? ஓட்டை ஓட்டையாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே ஓதம் ஏறி, பெயிண்ட் உரிந்து, கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்தது. எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னங்கம்மா, துப்பாக்கிச் சண்டை நடந்ததா?" என்றார். 74 ஓட்டையையும் கொத்தி நுரையைத் தோண்டி எடுத்து, வாட்டர்ப்ரூஃப் கலந்த கலவை வைத்து அடைத்துப் பூச 11,000 ஆனது.

அவர் சொன்ன வழி வேறு. வெயிலைச் சுவரில் படவிடாமல் வெளியிலேயே நிறுத்து என்றார். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பைப் நட்டுப் பச்சை வலை கட்டினோம். மாடி இல்லாத வீடு என்பதால் சுவரைவிடத் தளத்திலிருந்துதான் அதிகச் சூடு இறங்குகிறது என்று மொட்டைமாடிக்கு வெள்ளையும் அடிக்கச் சொன்னார். நிஜமாகவே சுவருக்கு இன்சுலேஷன் வேண்டும் என்றால் சூட்டைத் தடுக்கும் பலகையைச் சுவரின் மேல் ஒட்டி, வலை வைத்துப் பூச வேண்டுமாம். பலகையின் கனத்துக்குச் சுவர் தடித்தே ஆகும், ஒரே நாளில் முடியாது. உள்பக்கம் வெறும் தெர்மாகோலை ஒட்டுகிறேன் என்பவரையும் நான் விடமாட்டேன். தீப்பிடித்தால் அது உருகிச் சொட்டும், புகையும் பொல்லாதது.

பில் இல்லாவிட்டாலும் ஜிபே விவரமும், அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும், ஓட்டைகளின் படங்களும் கையில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மகன் எழுதிக்கொண்டிருக்கிறான். அந்த ஏழு டின்னையும் தூக்கிப் போடாதே என்று மாமியார் சாக்கில் கட்டித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்.