சேசிஸ் எண்ணை மட்டும் பார்த்து இழுவை வண்டி வாங்காதீர்கள்

பழுதான வாகனங்களை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியைப் பழையதாக வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எண்ணுங்கள்.

விற்றவர் நான் கேட்காமலேயே சேசிஸ் எண்ணைப் போட்டுத் தேடிக் காட்டினார். "பாருங்கள் சார், ரீகால் ஒன்றுகூட நிலுவையில் இல்லை." ரீகால் என்றால், குறை தெரிந்த வண்டியைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்வது. திரையிலும் நிலுவை இல்லை என்றுதான் இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது, அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

அந்த 17 இலக்க எண் லாரியைச் செய்த நிறுவனத்துக்கு உரியது. அதன் முதுகில் ஏறியிருக்கும் சாய்தளமும், வடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் விஞ்சும், சக்கரத் தூக்கியும் பெரும்பாலும் வேறு கைகளில் உருவானவை. விஞ்சில் குறை தெரிந்தால் விஞ்ச் தயாரிப்பாளர் தனியாக அறிவிப்பு விடுவார். அது விஞ்சின் வரிசை எண்ணைப் பிடித்துப் போகும். சேசிஸ் எண்ணில் தேடுகிறவர் கண்ணில் படாமலே போகலாம். கடிதமும் தயாரிப்பாளரின் பதிவேட்டில் இருக்கும் பெயருக்குத்தான் போகும். இரண்டாம் கை ஆளுக்கு யார் எழுதப் போகிறார்கள்?

மூன்றாவது வாரம், பழுதான கார் ஒன்றைத் தளத்தின் மேல் இழுத்துக்கொண்டிருந்தேன். பாதிச் சரிவில் விஞ்சை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு அடை கொடுக்கும் கட்டை எடுத்துவர ஓரமாக நகர்ந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். உருளையை விடுவிக்கும் நெம்புகோல் தானாக நழுவியிருந்தது. வடம் சரசரவென்று உருவிக்கொண்டு ஓட, கார் பின்னோக்கி இறங்கி மண்மேட்டில் முட்டி நின்றது. சற்று முன்புவரை நான் நின்றிருந்த இடத்தின் மேல்தான் அதன் சக்கரத் தடம் கிடந்தது. விஞ்சை நம்பிச் சரிவுக்கு நேர் கீழே நின்றது என் முட்டாள்தனம், அதை மறைக்கவில்லை.

விஞ்சில் விவரத் தகடே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கும் பளபளவென்று புது மஞ்சள் பெயின்ட். விரலால் தடவியபோது ஓரிடத்தில் ரிவெட் தலை தட்டுப்பட்டது. தின்னர் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, மஞ்சளுக்கு அடியிலிருந்து தகடும் எண்ணும் வெளியே வந்தன. தயாரிப்பாளரை அழைத்து எண்ணைச் சொன்னேன். நெம்புகோலைப் பூட்டி வைக்கும் ஸ்பிரிங் வலுவிழப்பதால், உள்ளே பற்கள் பாதி மட்டும் கவ்வி நிற்கின்றனவாம். வெளியே பார்த்தால் முழுதாகப் பூட்டியது போலவே தெரியுமாம். இலவசமாக மாற்றித் தருகிறோம், அதுவரை விஞ்சைத் தொடாதீர்கள் என்றார்கள். முந்தைய உரிமையாளருக்கு இரண்டு முறை கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அந்த உரிமையாளர் எனக்கு விற்ற அதே மனிதர்.

அவரைக் கேட்டேன். "அது விஞ்சுக்கு வந்த கடிதம் சார். நீங்கள் வண்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள்?" அதன் பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை.

வாங்கும் முன் விஞ்ச், தளம், சக்கரத் தூக்கி ஒவ்வொன்றின் தகட்டையும் தேடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தந்தத் தயாரிப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். வாங்கிய பிறகு உங்கள் பெயரையும் முகவரியையும் பதிந்து வையுங்கள். தகட்டின் மேல் பெயின்ட் இருந்தால் விற்பவர் எதிரிலேயே சுரண்டுங்கள். ஹைட்ராலிக் குழாய்களின் மேலும் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள், வெடிப்பை மூட அது நல்ல வழி.

நான் வண்டி எடுத்த நாளில் அவருடைய இடத்தில் இன்னும் இரண்டு இழுவை வண்டிகள் நின்றன. இரண்டும் புது மஞ்சள்.