வேலையிடத்தில் ஆங்கிலம்: எந்நேரமுமா, தேவைக்கு மட்டுமா?

ஊழியர்கள் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்ற விதியை எந்நேரமும் வைப்பதா, தேவையான பணிக்கு மட்டும் வைப்பதா? அமெரிக்காவில் ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள் பலருக்கும் உள்ள குழப்பம் இது.

சட்டம்: எந்நேரமும் ஆங்கிலம்தான் என்றால், வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 குடிமை உரிமைச் சட்டத்தை மீறுவதாகவே அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் கருதும். தேவைக்கு மட்டும் என்றால், தொழிலுக்கு அது அவசியம் என்று காட்டினால் வைக்கலாம். ஊழியர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பு: கிரேனுக்குக் கீழே நிற்பவர் "நிறுத்து" என்று கத்தினால் மேலே இருப்பவருக்கு அந்த நொடியே புரிய வேண்டும். ஆனால் குழு முழுக்க ஸ்பானிஷ் பேசுபவர்கள் என்றால், தடுமாறும் ஆங்கிலத்தில் எச்சரிப்பதுதான் ஆபத்து.

கண்காணிப்பு: முதலாவதில் சாப்பாட்டு இடைவேளையிலும் ஒட்டுக்கேட்க வேண்டும். யாருக்கு வேண்டும் அந்த வேலை? இரண்டாவதில் இந்தத் தொல்லை இல்லை.

பல மொழிக்காரர்கள் சேர்ந்து இயந்திரங்களை இயக்கும் இடத்தில், அந்தப் பணி நடக்கும்போது மட்டும் ஆங்கிலம் வையுங்கள். பாத்திரம் கழுவும் இடத்துக்கு விதியே வேண்டாம்.