மேலூர்ப் பக்கம் ஒரு பொது மண்டபம்: ஒயரிங்கில் நடந்த ஏமாற்று வேலை

தலைக்கட்டு வரி வசூலித்துக் கட்டிய மண்டபம். பொருளும் கூலியும் சேர்த்து 'பாயிண்டுக்கு இவ்வளவு' என்று ஒயரிங் கான்ட்ராக்ட். திறப்பு விழாவன்று எல்லா லைட்டும் எரிந்தது, எல்லா ஃபேனும் ஓடியது, கடைசித் தவணையும் கை மாறியது. அடுத்து வந்த காதுகுத்திலேயே சமையல்கட்டில் கிரைண்டரைத் தொட்டவருக்கு ஷாக். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் தப்பினார். அதன்பிறகு பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. கான்ட்ராக்டர் பெயர் வேண்டாம், இதே கைவரிசை பல ஊர்களில் நடக்கிறது.

முதலில் ஒயர். எஸ்டிமேட்டில் லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, கிரைண்டருக்கு 4 சதுர மி.மீ. என்று எழுதியிருந்தது. டிபி பாக்ஸைத் (சர்க்யூட்டுகள் பிரியும் பெட்டி) திறந்தால் அப்படியேதான் இருந்தது, ஐஎஸ்ஐ முத்திரையோடு. சுவிட்ச் பெட்டியிலும் அதே. ஆனால் பைப்புக்குள் ஓடியது பெயரில்லாத 1 சதுர மி.மீ. ஒயர். இரண்டு முனையிலும் ஓரடிக்கு மட்டும் அசல் ஒயரை முறுக்கி, டேப் சுற்றி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். முனையை மட்டும் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

மெயினை அணைத்து, ஏதாவது ஒரு சர்க்யூட்டை இரண்டு பக்கமும் கழற்றி இழுக்கச் சொல்லுங்கள். பைப் ஒழுங்காக இருந்தால் ஒயர் நகர்ந்து வரும். இடையில் ஜாயிண்ட் இருந்தால் பெண்டில் சிக்கும். வெளியே வந்ததும் இழையை எண்ணலாம். 0.3 மி.மீ. இழை என்றால் 1-க்கு 14, 1.5-க்கு 22, 2.5-க்கு 36, 4-க்கு 56 இருக்க வேண்டும். இழையைக் கத்தியால் சுரண்டும்போது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

இழுக்க விடமாட்டேன் என்று கான்ட்ராக்டர் அடம்பிடித்தால் வேறு வழி இருக்கிறது. மெயின் அணைந்திருக்கும்போது, கடைசி பிளக்கில் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துவிட்டு, டிபி முனையில் அந்த இரண்டு ஒயரையும் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) அளக்க வேண்டும். 30 மீட்டர் தூரம் என்றால் போய்வர 60 மீட்டர். 2.5 ஒயருக்கு அரை ஓம் அளவில் வரும், 1 ஒயருக்கு 1.2 ஓம் வரும். மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் அளவு கொஞ்சம் கூடும், இரண்டு மடங்காகாது.

ஷாக்குக்குக் காரணம் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் இணைப்பு, ஒழுங்காக இல்லாதது. மண்டபத்துக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி, மூடி, தண்ணீர் ஊற்றப் புனல் எல்லாம் இருந்தது. தோண்டினால் முழங்கை நீளத்துக்கு ஜிஐ பைப். இறக்க வேண்டியது 2.5 மீட்டர், சுற்றிலும் கரியும் உப்பும். மேலூர்ப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும், கம்ப்ரசர் வைக்க வேண்டும், அதனால் இங்கேதான் பணம் மிச்சம் பிடிப்பார்கள். திருமங்கலம், கள்ளிக்குடி கரிசலில் தோண்டுவது சுலபம். ஆனால் கோடையில் மண் வெடித்துப் பைப்பை விட்டு விலகிவிடும், ஐப்பசி மழையில் அளந்த எண்ணை அங்கே நம்பக்கூடாது. எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் கேளுங்கள். வராவிட்டால் பைப் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைக்க வேண்டும்.

எர்த் கிடைக்காததால் சாக்கெட்டின் பெரிய பின்னை நியூட்ரலோடு சேர்த்துவிட்டார்கள். டெஸ்ட் லேம்ப் போட்டால் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பளிச்சென்று எரியும், பார்க்கிறவர் திருப்தியாகப் போய்விடுவார். நியூட்ரல் எங்கேயாவது லூசானால் கிரைண்டர் உடம்பில் 230 வோல்ட் வந்து நிற்கும். இங்கே நடந்தது அதுதான்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்ததே, ஏன் விழவில்லை? எர்த்தும் நியூட்ரலும் கலந்த இடத்தில் அது சும்மா சும்மா விழும். தொல்லை தாங்காமல் பின்பக்கமாக ஒயர் போட்டு நேரடியாக இணைத்துவிட்டார்கள். அதிலுள்ள 'டி' (டெஸ்ட்) பட்டனை அழுத்துங்கள். நெம்புகோல் விழுந்தும் லைட் எரிந்துகொண்டிருந்தால் பைபாஸ். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து, சாக்கெட்டின் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போடச் சொல்லுங்கள். அந்தக் கணமே ஆர்சிசிபி விழ வேண்டும். விழாமல் பல்பு எரிந்தால் எர்த் போலி, அல்லது ஆர்சிசிபி பைபாஸ்.

எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) கதை சின்னது. 16 ஆம்பியர் அடிக்கடி விழுகிறது என்று சமையல்காரர் சொன்னதும் 32 மாட்டியிருக்கிறார்கள். 32 எம்சிபி 36 ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்கும். சுவருக்குள் இருக்கும் 1 சதுர மி.மீ. ஒயருக்கு 12 ஆம்பியரே அதிகம். கூடவே, வாசல் லைட்டுகளுக்கு சுவிட்ச் நியூட்ரலில் கொடுத்திருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டரை வைத்தால் எரிகிறது.

டெஸ்ட் ரிப்போர்ட்டும் தந்திருந்தார்கள். எல்லா சர்க்யூட்டுக்கும் ஒரே மெகர் (ஒயர் உறையின் காப்பை அளக்கும் கருவி) எண்! நிஜமாக அளந்தால் அப்படி வராது. 500 வோல்ட் மெகரில், எல்இடியையும் ஆர்சிசிபியையும் கழற்றிவிட்டு, சர்க்யூட் சர்க்யூட்டாக உங்கள் கண்ணெதிரே அளந்து எழுத வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் வேலையை ஏற்காதீர்கள், புது ஒயரில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். கையெழுத்துப் போட்ட லைசென்ஸ்காரர் இந்த மண்டபத்துப் பக்கமே வந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

'சுவரை உடைக்க வேண்டியிருக்கும்' என்று சொல்லித்தான் கான்ட்ராக்டர் கடைசியில் நழுவினார். பைப் நசுங்காத இடங்களில் உடைக்கத் தேவையில்லை, பழைய ஒயரோடு புதியதைக் கட்டி இழுத்தால் போதும். சமையல்கட்டுக்கு மட்டும் டிபியிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. ஒயர், தனி எர்த் ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி, நேராக வேலை செய்யும் ஆர்சிசிபி. மேல்மாடி ஒயரையும் மாற்றி முடிக்கும்வரை சீரியல் லைட்டுக்கு மண்டபத்து பிளக் கிடையாது, ஜெனரேட்டர்தான்.