பட்டா லொறிக்கு ஃபுல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டியா?

லீசிங் முடியும் வரை இந்தக் கேள்வியே எழாது. ஃபுல் இன்சூரன்ஸ் போடச் சொல்லித்தான் லீசிங்கே தருவார்கள். கடைசித் தவணையும் கட்டி, புத்தகம் நம் பெயருக்கு வந்ததும், "இனி என்னத்துக்கு அவ்வளவு காசு? தேர்ட் பார்ட்டி காணும்" என்று கராஜ்காரரிலிருந்து மச்சான் வரைக்கும் புத்தி சொல்லத் தொடங்குவார்கள். கல்முனையில் அரிசியும் பலசரக்கும் ஏற்றிப் படுவான்கரைக் கடைகளுக்குப் போடுகிற என் சின்னப் பட்டா லொறிக்கு நான் ஃபுல்லையே வைத்துக்கொண்டேன்.

தேர்ட் பார்ட்டி மலிவு. சட்டத்துக்கும் அது போதும், வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவும் போதும். நாம் ஒருவரை இடித்தால் அவருடைய நட்டத்தைப் பார்க்கும். நம் வண்டி நசுங்கினாலும் களவு போனாலும் ஒரு சதம் வராது; அதற்குத்தான் ஃபுல். அவ்வளவுதான் அதன் கதை.

எங்கள் பக்கத்தில் இடிபடுவதைவிடத் தண்ணீர்தான் பயம். மாரி பிடித்தால் கிரான் பக்க வீதி தாழ்ந்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பில் யாரும் மறக்கவில்லை. ஆனால் ஃபுல் என்று பெயர் இருப்பதால் வெள்ளமும் அதற்குள் வரும் என்று நம்பிவிடாதீர்கள். வெள்ளம், சூறாவளி போன்றவற்றைப் பல பொலிசிகளில் தனியாகக் காசு கட்டித்தான் சேர்க்க வேண்டும். கலவரம், பயங்கரவாதமும் அப்படித்தான். பொலிசியோடு வரும் அட்டவணைத் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இன்னொன்று: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இழுபட்டு கொன்ரொட் (பிஸ்டனைப் பிடித்திருக்கிற தண்டு) வளைந்தால், அது வெள்ளத்தால் வந்ததா, நீங்கள் சாவி திருப்பியதால் வந்ததா என்று வழக்காடத் தொடங்குவார்கள்.

ஃபுல் எடுக்கிறவர்கள் மினக்கெட வேண்டிய இடம் பிரீமியம் அல்ல, காப்புறுதித் தொகை, அதாவது வண்டியின் பெறுமதி என்று பொலிசியில் பதிகிற தொகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போனது. 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்தும் பழைய விலைக்கு யாரும் தருவதில்லை. ஆனால் புதுப்பிக்கும் நேரம் வருகிற கடிதத்தில் போன வருடத் தொகையே இருக்கும். பிரீமியம் குறைகிறதே என்று நாமும் சந்தோஷமாகக் கையெழுத்து வைப்போம்.

அப்புறம் என்ன நடக்கும்? சந்தையில் 20 இலட்சம் போகிற வண்டியை 12 இலட்சத்துக்குப் பதிந்திருக்கிறீர்கள், மூன்று இலட்சத்துக்கு அடி விழுந்தது என்று வையுங்கள். பொலிசியில் சராசரி விதி இருந்தால், 12ஐ 20ஆல் பிரித்து அந்த விகிதத்தில்தான் தருவார்கள். கைக்கு 1,80,000. மீதி 1,20,000 உங்கள் தலையில். கைக்கு வருவதிலும் எக்ஸஸ், அதாவது கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, வேறு கழியும். சரி, கூட்டிப் போட்டால் லாபமா? அதுவும் இல்லை. வண்டி முழுதாய்ப் போனால் அன்றைய சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள். கூடுதலாகக் கட்டிய பிரீமியம் வீண். ஆகவே புதுப்பிக்கப் போகுமுன் இரண்டு வாகன சேலில் உங்கள் வருட மொடலின் விலையைக் கேட்டு, அந்தத் தொகையையே போடச் சொல்லுங்கள்.

பாவனை என்ன என்று எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சொந்தச் சாமானுக்கு என்று பதிந்த லொறியை ஹயருக்கு ஓட்டி விபத்தானால் கிளெய்ம் சிக்கலாகும்.

சைட் கண்ணாடி, சிக்னல் லைட் மாதிரிச் சில்லறைச் சேதத்தை நான் கைக்காசிலேயே செய்துவிடுவேன். அதற்கெல்லாம் கிளெய்ம் போட்டால் கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கிற கழிவான, வருடா வருடம் ஏறி வந்த நோ கிளெய்ம் போனஸ் இறங்கிவிடும். பல நேரம் கிடைப்பதைவிட இழப்பது கூட.

நான் எடுத்தவை எல்லாம் நடுத்தரக் கிளெய்ம்கள். வண்டி முழுதாய்ப் போய்ப் பணம் வாங்கிய அனுபவம் எனக்கு இல்லை. அந்த நேரம் எத்தனை தரம் அலைக்கழிப்பார்கள் என்பதை அனுபவித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தேர்ட் பார்ட்டியே சரி என்று நான் சொல்வது, விற்றாலும் பெரிதாய் விலை வராத, ஒரு மாத வருமானத்தில் திருத்திவிடக்கூடிய வண்டிகளுக்கு. வீட்டில் நிற்கிற என் பழைய மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் போட்டிருக்கிறேன். நாளாந்தம் உழைத்துச் சோறு போடுகிற ஓட்டோவுக்கோ லொறிக்கோ அந்தக் கணக்குப் பொருந்தாது. அது ஒரு மாதம் கராஜில் நின்றால் திருத்துகிற காசை உழைப்பதற்கும் அந்த வண்டிதான் வேண்டும்.