உப்புச் சாலையில் குளிர்காலச் சவாரி: செயினா, ஷாஃப்டா, பெல்ட்டா?

குளிர்காலத்திலும் மோட்டார் சைக்கிளை மூடி வைக்காமல் ஓட்டுபவருக்கு, எஞ்சினின் திறனையும் இருக்கையின் உயரத்தையும்விட, எஞ்சினின் விசை பின்சக்கரத்தை எந்த வழியாகச் சென்றடைகிறது (சங்கிலியான செயின் வழியாகவா, சுழலும் தண்டான ஷாஃப்ட் வழியாகவா, பட்டையான பெல்ட் வழியாகவா) என்பதே முக்கியம் என்று கருதுகிறேன். ஒரு சவாரிக்கும் அடுத்த சவாரிக்கும் இடையில் கையில் எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போகிறோம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சில குளிர்காலங்கள் செயின் வண்டியில் ஓட்டிவிட்டு ஷாஃப்ட் வண்டிக்கு மாறியவன் நான். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெல்ட் வண்டியை இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறேனே தவிர, சொந்தமாக வைத்துப் பராமரித்ததில்லை என்பதால் அதைப் பற்றி அளந்தே பேசுவேன்.

பலரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். செயின் எடை குறைந்தது, விலை குறைந்தது, விசையையும் அதிகம் வீணாக்காதது. செயின் மாட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில், முன்னால் உள்ளதில், ஒரு பல்லைக் கூட்டியோ குறைத்தோ வண்டியின் குணத்தை மாற்றிக்கொள்ளவும் முடியும். ஷாஃப்ட் கனமானது, அந்தக் கனத்தில் ஒரு பகுதி பின்சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது, விசையைச் செங்கோணத்தில் திருப்பும் பல்சக்கரங்களில் கொஞ்சம் வெப்பமாகவும் வீணாகிறது. பந்தய வண்டிகள் செயினை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். வழுக்கும் சாலையில் நிதானமாகச் செல்பவருக்கு இந்த வேறுபாடுகள் பெரிய பொருட்டல்ல.

பொருட்டாவது உப்பு. பனி உறையாமலிருக்கச் சாலையில் தூவப்படும் உப்பு ஈரத்தோடு கலந்து, சக்கரங்கள் வாரியிறைக்கும் சேறாகிறது. பின்சக்கரத்தை ஒட்டித் திறந்தவெளியில் ஓடும் செயின் அந்தச் சேற்றிலேயே குளிக்கிறது. சில இடங்களில் சாதாரண உப்போடு கால்சியம் குளோரைடோ மெக்னீசியம் குளோரைடோ சேர்க்கப்படுகிறது. இவை காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்பவை என்பதால், சாலை காய்ந்த பின்னரும் செயினின் மேல் ஈரம் காய்வதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரிமானம் வெப்பத்தோடு வேகமெடுக்கும் வேதிவினை. ஆகவே உறைகுளிரில் வெளியே நிற்கும் வண்டியைவிட, உப்போடு கொண்டுவந்து கதகதப்பான கொட்டகைக்குள் நிறுத்திய வண்டிதான் விரைவாகத் துருப்பிடிக்கும். அன்போடு உள்ளே கொண்டுவந்து வைக்கிறவர், கழுவாமல் வைத்தால் கேட்டையே செய்கிறார்.

இன்றைய செயின்களில் பெரும்பாலானவை ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் வகை. ஒவ்வொரு கண்ணியிலும், கண்ணிகளை இணைக்கும் ஊசியான பின்னுக்கும் அதைச் சூழ்ந்த குழலான புஷ்ஷுக்கும் இடையே தொழிற்சாலையிலேயே கிரீஸை அடைத்து, இருபுறமும் ரப்பர் வளையத்தால் மூடிவிடுகிறார்கள். நாம் வெளியே தடவும் எண்ணெய் அந்த இடத்துக்குள் போவதே இல்லை. அது உருளைகளும் ஸ்ப்ராக்கெட் பற்களும் உரசாமலிருக்கவும், தகடுகள் துருவேறாமலிருக்கவும், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்காமலிருக்கவும் மட்டுமே. உப்பும் மணலும் வளையத்தை அறுத்துவிட்டாலோ, வளையம் அமரும் பரப்பில் துரு குழி விழுத்திவிட்டாலோ உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். பிறகு அதை நிரப்ப வழியில்லை. அந்தக் கண்ணி மடங்க மறுத்து விறைக்கிறது. விறைத்த கண்ணிகள் உள்ள செயினில் தொய்வைச் சரியாக வைக்கவே முடியாது. சக்கரத்தை ஒரு நிலையில் நிறுத்தினால் இறுக்கமாகவும் வேறொரு நிலையில் தளர்வாகவும் காட்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து இழுக்கும்போது பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இதைத் தவிர்ப்பதற்கான வேலை எதுவும் கடினமானதல்ல, ஆனால் ஓய்வதே இல்லை. உப்புச் சாலையில் போய்வந்த ஒவ்வொரு முறையும் அழுத்தம் குறைந்த நீரால் கழுவ வேண்டும். அழுத்தமாகப் பீய்ச்சினால் நீர் வளையங்களையும் பேரிங் சீல்களையும் தாண்டி உள்ளே போய்விடும். அவ்வப்போது மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு அழுக்கை எடுக்க வேண்டும்; பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ரப்பருக்கு ஆகாதவை. சக்கரத்தைக் கையால்தான் சுழற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு கியரில் சுழற்றினால் விரல்கள் போய்விடும். பிறகு துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவி, தொய்வைப் பார்க்க வேண்டும். பல சாலை வண்டிகளில் அது 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்கும். சஸ்பென்ஷன் நீண்டு இயங்கும் வண்டிகளில் கூடுதலாக இருக்கும்.

இந்த வரிசையில் குளிர்காலத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. செயின் சூடாக இருக்கும்போதுதான் எண்ணெய் இடுக்குகளுக்குள் நன்றாக இறங்கும் என்பதால், சவாரி முடிந்த கையோடு தடவச் சொல்கிறார்கள். ஆனால் உப்பைக் கழுவாமல் தடவினால் எண்ணெயோடு சேர்த்து உப்பையும் பூட்டி வைத்ததாகும். கழுவினாலோ செயின் குளிர்ந்துவிடும். மறுபடி சூடேற்ற ஓட்டிப்போனால் மறுபடி உப்பு. கோடையில் ஒட்டிக்கொண்டு நன்றாக உழைக்கும் கெட்டியான ஸ்பிரே, உறைகுளிரில் உள்ளே இறங்காமல் தகட்டின் மேலேயே படிந்து மணலைச் சேர்க்கிறது. மெல்லிய எண்ணெயை அடிக்கடி தடவுவதே நான் கண்ட தீர்வு. அதற்கும் வேலை கூடத்தான் செய்கிறது.

எண்ணெயைத் தானாகச் சொட்டவிடும் கருவியைப் பொருத்தினால் இந்தப் பாடு பெருமளவு குறையும். குளிரில் எண்ணெய் கெட்டியாவதால் சொட்டும் வேகத்தைப் பருவத்துக்கேற்பத் திருத்த வேண்டும். பின்சக்கர விளிம்பிலும் எண்ணெய் தெறிக்கும். இதைவிட நல்ல தீர்வு செயினை முழுவதுமாக மூடிவிடுவதுதான். 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் மூடிய செயின் உறை இருந்தது; கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். வண்டிகளில் செயின் ரப்பர் குழாய்களுக்குள்ளேயே ஓடியது. பெரிய வண்டிகள் இந்த நல்ல வழக்கத்தைக் கைவிட்டதற்கு அழகு தவிர வேறு வலுவான காரணம் எனக்குப் புலப்படவில்லை.

ஷாஃப்ட்டுக்கு வருவோம். பி.எம்.டபிள்யூ. 1923இல் வெளியிட்ட ஆர் 32 முதலே அந்த நிறுவனத்தின் பாக்ஸர் வண்டிகள் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருப்பவை) இந்த முறையில்தான் ஓடுகின்றன. ஹோண்டா கோல்ட் விங்கும் 1975 முதல் அவ்வாறே. சுழலும் தண்டும் பல்சக்கரங்களும் உறைக்குள் இருக்கின்றன. பின்சக்கரத்தருகில் உள்ள பல்சக்கரங்கள் எண்ணெயிலேயே கிடக்கின்றன. உப்புச் சேற்றுக்கு அங்கே வழியில்லை. கால் லிட்டருக்கும் குறைவான கியர் ஆயிலே பெரும்பாலும் போதும். பலவற்றில் 75டபிள்யூ-90 தரம்; அதிலுள்ள 75டபிள்யூ என்ற குறியீடு, பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் வரை எண்ணெய் உறைந்துபோகாமல் இயங்கும் என்பதைக் குறிக்கிறது. கையேடு சொல்லும் இடைவெளியில் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினால் போதும்.

ஆகவே சவாரி முடிந்ததும் எனக்குள்ள வேலை, வண்டியை நீர்விட்டு அலசி, தண்டின் முனையிலுள்ள ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு முடிகிறது. மிஞ்சும் நேரம் பிரேக் காலிப்பரின் பின்களைக் கழற்றித் துடைப்பது, மின் இணைப்புகளில் கிரீஸ் வைப்பது, வால்வு இடைவெளி பார்ப்பது போன்ற, எனக்கு விருப்பமான வேலைகளுக்குப் போகிறது. குளிர்காலத்தில் கொட்டகையில் உட்காரப் பிடிக்கும் என்பதற்காக, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யப் பிடிக்கும் என்றாகிவிடாது.

இருந்தாலும் ஷாஃப்ட்டுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. செயினின் கேடு கண்ணுக்குத் தெரியும். ஷாஃப்ட்டின் கேடு மறைவில் நடக்கும். பின்சக்கரத்தைக் கழற்றும் வேளைகளில், கையேடு சொல்லும் வண்டிகளில், ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் நீள்வரிப் பற்களான ஸ்ப்ளைன்களுக்கு மாலிப்டினம் கலந்த பசையைப் பூச வேண்டும். பூசாமல் விட்டால் அவை மெல்லத் தேய்ந்து பிடிப்பையே இழக்கும். ரப்பர் உறை கிழிந்து நீர் புகுந்தால், தண்டு மடங்கியபடியே சுழல உதவும் இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட் துருவேறும். பல வண்டிகளில் அதைத் தனியாக மாற்ற இயலாது, தண்டு முழுவதையுமே மாற்ற வேண்டும். செலவு செயின் செட்டோடு ஒப்பிடவே முடியாதது. வழியில் செயின் அறுந்தால் உபரிக் கண்ணியும் கருவியும் வைத்திருப்பவர் வீடு வந்து சேரலாம்; ஷாஃப்ட் உடைந்தால் வண்டியை ஏற்றிச் செல்ல லாரிதான் வர வேண்டும். என் வண்டி இன்னும் அதிகத் தொலைவு ஓடியதல்ல. எனவே நீண்டகால நம்பகத்தன்மையைப் பற்றி நான் சொல்வதைப் பாதி எடையிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஷாஃப்ட் வண்டிகளில் திராட்டிலைத் திருகும்போது பின்புறம் எழும்பும் பழைய குறையைப் பி.எம்.டபிள்யூ. 1987இல் கொண்டுவந்த பாராலீவர் அமைப்பு பெருமளவு தணித்தது. வழுக்கும் சாலையில் திராட்டிலை மெதுவாகத் திருகுபவர் பழைய வண்டியிலும் அதை அவ்வளவாக உணரமாட்டார்.

பெல்ட், தாளில் பார்த்தால், இரண்டையும் வெல்கிறது. அதற்குத் துரு இல்லை, எண்ணெய் வேண்டாம், கனமும் குறைவு. ஹார்லி டேவிட்சன் 1980இல் ஸ்டர்ஜிஸ் வண்டியில் அதைக் கொண்டுவந்த பிறகு பரவலாகியது. ஆனால் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு சிறு கல் சிக்கினாலே பெல்ட்டில் ஓட்டை விழலாம். பிடிப்புக்காகச் சரளை தூவும் சாலைகள் எனக்குத் தயக்கத்தைத் தருவது இதனால்தான். மாற்றும்போது பல வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டியிருக்கும் என்பதும் கொட்டகையில் தனியாக வேலை செய்பவருக்கு உவப்பான செய்தியல்ல.

குளிர்காலத்தில் உலர்ந்த நாள்களில் மட்டும் வெளியே போகிறவரும், சிறிய இலகுவான வண்டியை விரும்புகிறவரும் செயினையே வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு ஷாஃப்ட்டின் கனம் வீண் சுமை. மற்றவர்கள் பழைய ஷாஃப்ட் வண்டியைப் பார்க்கப் போனால், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பேரிங்கில் தளர்வு இருந்தால் கையில் தட்டும். ஆயில் சீலைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விற்பவர் இசைந்தால் எண்ணெயை வடித்து, காந்தம் பொருத்திய வடிகால் திருகைத் துடைத்துப் பார்க்கலாம். அதில் மாவு போன்ற கரும்பசை ஒட்டியிருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் ஒட்டியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும்.